வெயில் நாட்டில் உயிர்ச்சத்து 'டி' மாத்திரை: ஒரு திறனாய்வு

ஒரு பொருள் உணவா, மருந்தா, நஞ்சா என்பதை அப்பொருள் தனித்து நின்று முடிவு செய்வதில்லை. உண்பவர் யார், அவர் உடலில் அது முன்னரே எவ்வளவு உள்ளது, இன்னும் எவ்வளவு உண்ணப் போகிறார் என்னும் மூன்றும் கூடியே முடிவு செய்கின்றன. உயிர்ச்சத்து 'டி' எனப்படும் வைட்டமினைப் பற்றி உலகெங்கும் நடந்துவரும் சொற்போரில் இரு கட்சியாரும் அடிக்கடி மறந்துவிடுவது இவ்வெளிய உண்மையையே.

இச்சொற்போர் மலாக்கா மாநிலத் தமிழருக்கு எங்கோ தொலைவில் நடக்கும் கதையன்று. மலாக்கா நகரிலும், அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் முதலிய ஊர்களிலும் இம்மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். தமிழகம் போய்த் திரும்புவோர் அங்குக் கிடைப்பவற்றையும் பையில் வைத்துக் கொண்டு வருவதுண்டு. மூட்டு வலித்தாலும், களைப்பு வந்தாலும், முடி கொட்டினாலும் 'டி' குறைவே காரணம் என்பார் ஒரு சாரார். வெயில் கொளுத்தும் நாட்டில் இக்குறை எப்படி வரும், இது வாணிகர் கட்டிய கதை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு என்பார் மற்றொரு சாரார். இடையில் நிற்பவர், மாத வருவாயில் மருந்துக்கென எடுத்து வைத்த வெள்ளியை எதற்குச் செலவிடுவது என்று அறியாத குடும்பத் தலைவியே.

இரு கூற்றுகளையும் ஊன்றி நோக்கினால், அவை இரு வேறு வினாக்களுக்கு உரிய விடைகள் என்பது புலனாகும். குறை உள்ளவர்க்கு அக்குறையை நிரப்பினால் நன்மை உண்டா என்பது ஒரு வினா. குறை இல்லாதவர்க்கு மேலும் மேலும் கொடுத்தால் நன்மை உண்டா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குக் கிடைத்த விடையைக் கொண்டு இரண்டாவதற்குப் பதில் சொல்வதும், இரண்டாவதற்குக் கிடைத்த விடையைக் கொண்டு முதலாவதை மறுப்பதுமே இவ்வழக்கின் குழப்பத்துக்கெல்லாம் வேர்.

அண்டை மாநிலம் தந்த பாடம்

இவ்வேற்றுமையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உயிர்ச்சத்து என்னும் கருத்து பிறந்த வரலாற்றில் மலாக்காவை ஒட்டிய நெகிரி செம்பிலானுக்கும், அங்கு உழைத்த தமிழர் உண்ட சோற்றுக்கும் ஓர் இடமுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் கால் வீங்கியும் நெஞ்சு தளர்ந்தும் மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பினர். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் இவ்வேற்றுமையைக் கண்டு 1907இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் கண்ட காட்சி மெய். கற்பித்த காரணம் பிழை. கெட்டுப்போன வெள்ளையரிசியில் ஒரு நஞ்சு பிறக்கிறது என்று அவர் கருதினார்.

பிழையைத் திருத்தியது சோதனை. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பவர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து, முடிவை 1907இல் வெளியிட்டார். அதே ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த சாவகத் தொழிலாளரிடையே அச்சோதனையை விரித்து நடத்தினர். வெள்ளையரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் பிரிவு மாறியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், தீட்டும்போது அது போய்விடுகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயின. இன்று அச்சத்தை தயமின் என்றும் உயிர்ச்சத்து 'பி1' என்றும் அழைக்கின்றனர்.

இவ்வரலாறு மூன்று பாடங்களைத் தருகிறது. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பிராடன் போன்ற கூர்ந்த அறிஞரும் அங்கே வழுக்கினார். மக்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையே நம்பத்தக்க சான்று. தவிட்டுச் சத்து பெரிபெரி கண்டவனைக் காத்தது; ஆயினும் புழுங்கல் சோறு உண்டு நலமாயிருந்த தமிழனுக்கு அது மேலும் ஒரு வலிமையைக் கூட்டியிராது. குறையை நிரப்புவது வேறு, நிறைந்த குடத்தில் ஊற்றுவது வேறு. உயிர்ச்சத்து 'டி' பற்றிய கூற்றுகளை இம்மூன்று உரைகற்களில் தேய்த்துப் பார்ப்பதே தக்கது.

'வெயில் இருக்கக் குறை ஏது?'

மாத்திரையை மறுப்போர் முதலில் எடுத்து வீசும் வாதம் இதுவே. உயிர்ச்சத்து 'டி'யைத் தோல் தானே உண்டாக்கிக்கொள்கிறது; அதற்கு வேண்டியது வெயிலில் உள்ள ஒருவகைப் புறஊதாக் கதிர்; நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் மலாக்கா மக்களுக்கு வெயில் ஆண்டு முழுவதும் குறைவில்லை; ஆகவே குறை வாராது என்பர். கேட்பதற்குச் செம்மையாகத் தோன்றும் இவ்வாதத்தில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. வெயில் நாட்டின்மேல் விழுகிறது. அது தோலின்மேலும் விழுகிறதா என்பதே கேள்வி.

பம்பாய் மாகாணத்து நாசிக் நகரில் ஹட்சிசன் என்னும் மருத்துவர் 1920களின் தொடக்கத்திலேயே இதைக் கண்டார். வெயிலுக்குப் பஞ்சமில்லாத அவ்வூரில், பெண்களையும் குழந்தைகளையும் வீட்டினுள் வைத்துக் காத்த செல்வர் குடும்பங்களில் எலும்பு வளையும் நோய் இருந்தது. தெருவிலும் வயலிலும் கிடந்த ஏழைக் குழந்தைகளிடம் அது அருகியே காணப்பட்டது. மலேசியாவிலும் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நகரப் பெண்களையும் நாட்டுப்புறப் பெண்களையும் ஒப்பிட்டது. நாட்டுப்புறப் பெண்களின் குருதியில் இச்சத்து நகரப் பெண்களிடம் இருந்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருந்தது. இரு சாரார்க்கும் வானம் ஒன்றே, வாழ்க்கை வேறு.

மலாக்காத் தமிழர் வாழ்க்கையை இந்த ஒளியில் நோக்குதல் வேண்டும். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரை வாணிகப் பயிராக நட்டது முதல், இம்மாநிலத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் பால் வெட்டினர். தோட்டத் தொழிலாளி நாள் முழுதும் வெயிலில் காய்ந்தவன் என்பது பொதுவான எண்ணம். அதிலும் ஒரு திருத்தம் தேவை. பால் மரத்தை விடியலில் வெட்டத் தொடங்கி நண்பகலுக்குள் பாலெடுத்து முடிப்பதே வழக்கம். வேலை நடப்பது மரநிழலில். உடலோ கொசுவுக்கும் முள்ளுக்கும் அஞ்சி மூடியிருக்கும். வெளிக்காட்டில் களை வெட்டியவருக்கும் சாலையில் உழைத்தவருக்கும் கிடைத்த வெயில் பால் வெட்டியவருக்குக் கிடைத்ததில்லை.

பின்னர் வந்த மாற்றமோ இதனினும் பெரிது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. லயத்து வீட்டுப் பிள்ளைகள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்பேட்டைகளில் குளிரூட்டிய கூடத்தில் நாளின் பெரும்பகுதி கழிக்கும் பெண்ணுக்கும், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் இளைஞனுக்கும் வெயில் நாட்டில் வாழ்வதால் கிடைப்பது வியர்வை மட்டுமே. கருந்தோலில் உள்ள நிறப்பொருள் கதிரைத் தடுப்பதால், ஒரே அளவு சத்தை உண்டாக்க வெண்தோலினும் நெடுநேரம் வெயில் வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

'காலை இளவெயிலில் நின்றால் போதும்' என்னும் அறிவுரை இங்குப் பலரும் சொல்வது. இதுவும் ஆராய்ச்சிக்கு நிற்பதில்லை. கதிரவன் தாழ்ந்திருக்கும்போது வேண்டிய கதிர் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது. 1982 சனவரி முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் மலாக்காவில் கதிரவன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி பிற்பகல் ஒன்றேகால் மணியை ஒட்டியே. காலை எட்டு மணி வெயில் உண்மையில் விடிந்து ஒரு மணி நேரமே ஆன வெயில். அது இதமானது, உயிர்ச்சத்து 'டி'க்கு உதவாதது. ஆந்திரத்துத் திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் நடத்திய சோதனையும் முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் இரண்டு மணி வரையுள்ள வெயிலே இதற்கு ஏற்றது என்று காட்டியது. நிழல் உடலைவிட நீண்டிருந்தால் பயன் சிறிது என்பது நினைவில் வைக்க எளிய குறிப்பு.

ஆகவே முதல் வாதம் வீழ்கிறது. வெயில் நாட்டிலும் குறை உண்டாகலாம். ஆனால் இதனால் மாத்திரைக் கட்சி வென்றுவிட்டது என்று கொள்வது அவசரம்.

'எல்லோருக்கும் குறை'

மாத்திரையைப் போற்றுவோர் எண்களை அடுக்குவர். கோலாலம்பூர், ஜகார்த்தா இளம்பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில் பத்தில் ஆறு பேருக்கு மேல் குறை. 2013இல் வெளியான மலேசியச் சிறுவர் ஊட்டச்சத்து ஆய்வில் 47.5 விழுக்காட்டினர்க்குப் போதிய அளவு இல்லை. 2016இல் வெளியான ஆய்வில் பதின்மூன்று வயது மாணவருள் 78.9 விழுக்காட்டினர்க்குக் குறை. இவற்றைக் கேட்டால் நாடே நோயில் கிடப்பதாகத் தோன்றும்.

எண்கள் பொய்யல்ல. அவற்றை அளந்த கோலைத்தான் ஆராய வேண்டும். குருதியில் லிட்டருக்கு 50 நானோமோல், அதாவது மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதே இக்கணக்குகளுள் பெரும்பாலானவற்றில் வரைந்த கோடு. இக்கோடு எங்கிருந்து வந்தது? 2010இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு ஒன்று, மக்களுள் ஏறத்தாழ 97.5 விழுக்காட்டினரின் எலும்புத் தேவையை நிறைவு செய்யும் அளவு எது என்று கணித்துச் சொன்ன எண் அது. ஏறத்தாழ எல்லோருக்கும் போதும் அளவு என்றால், அதற்குக் கீழே உள்ளோரிலும் பலருக்கு இருப்பது போதுமானதே. அக்குழுவில் இருந்த அறிஞரே 2016இல் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் இப்பிழையைச் சுட்டிக் காட்டினர். குறையுள்ளோர் தொகை பெருகித் தோன்றுவது, தேவையின் மேல்வரம்பை நோயின் எல்லையாகக் கொண்டதால் என்பது அவர்கள் வாதம்.

திருமணப் பந்தியில் நூறு பேரில் தொண்ணூற்றேழு பேருக்கேனும் வயிறு நிறைய இலைக்கு எவ்வளவு சோறு இடவேண்டும் என்று சமையற்காரர் கணக்கிடுகிறார். அவ்வளவுக்குச் சிறிது குறைய உண்டு எழுந்தவர் அனைவரும் பட்டினி என்று யாரேனும் எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? இக்கணக்கும் அத்தகையதே. உண்மையான பட்டினியும் உண்டு. 25 அல்லது 30 நானோமோலுக்குக் கீழே நெடுநாள் இருப்போர்க்கு எலும்பு மென்மையாகும் நோயும், குழந்தைகளுக்குக் கால் வளையும் நோயும் வரலாம். பட்டினி கிடப்பவரையும் ஒரு கவளம் குறைய உண்டவரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதே தவறு.

கோட்டை எங்கே வரைவது என்பதில் வல்லுநரே தடுமாறினர். அமெரிக்க நாளமில்லாச் சுரப்பிச் சங்கம் 2011இல் 30 நானோகிராம் வேண்டும் என்றது. அக்கோட்டின்படி பார்த்தால் உலகில் பெரும்பாலோர் குறையுடையவராயினர். குருதிச் சோதனையும் மாத்திரை விற்பனையும் பெருகின. அதே சங்கம் 2024இல் புதிய வழிகாட்டி வெளியிட்டு, 30 என்னும் இலக்கைக் கைவிட்டது. நலமாயுள்ள பெரியோர்க்கு வழக்கமாக இச்சோதனை செய்ய வேண்டா என்றும், ஐம்பது வயதுக்கு உட்பட்டோர் நாள்தோறும் பரிந்துரைத்த அளவுக்கு மேல் உண்ண வேண்டா என்றும் கூறிற்று. பதின்மூன்று ஆண்டுகள் உலகத்து மருத்துவமனைகள் கைக்கொண்ட ஒரு கோடு, அதை வரைந்தவராலேயே அழிக்கப்பட்டது. திருத்திக்கொள்ளும் நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் போதிய சோதனைச் சான்று சேருமுன் கோட்டை வரைந்தது, நஞ்சு என்று முந்திக் கூறிய பிராடன் செய்த அவசரத்தின் இனத்தைச் சேர்ந்ததே.

அவசரத்துக்குக் காரணமும் பிராடன் கதையில் உள்ளதே. இதய நோய், புற்றுநோய், நீரிழிவு, மனச்சோர்வு கண்டோரை அளந்தால் இச்சத்து குறைவாயிருக்கக் காண்கின்றனர். நோயுற்றவர் வெளியே நடமாடுவது குறைவு. உடல் பருத்தவரிடம் இச்சத்து கொழுப்பில் தங்கிவிடும். முதியவர் தோல் அதைக் குறைவாகவே ஆக்கும். நோயினால் குறை வந்ததா, குறையினால் நோய் வந்ததா என்பதைச் சேர்ந்து காணும் காட்சி சொல்லாது. சோதனையே சொல்லும்.

'சோதனைகள் பொய்யாக்கிவிட்டன'

சோதனைகளும் நடந்தன. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நாளொன்றுக்கு 2,000 அனைத்துலக அலகு கொடுத்து ஐந்தாண்டுக்கு மேல் கவனித்தனர். 2018இல் வெளியான முடிவில் புற்றுநோயும் இதய நோயும் புதிதாக வருவது குறையவில்லை. 2022இல் வெளியான முடிவில் எலும்பு முறிவும் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 21,000க்கு மேற்பட்ட முதியோர்க்கு மாதம் 60,000 அலகு கொடுத்தும் இறப்பு குறையவில்லை என்பது 2022இல் தெரிந்தது. பிரிட்டனில் 6,200 பேரிடம் நடத்திய சோதனையில், குறையுடையோரைக் கண்டறிந்து மாத்திரை கொடுத்தும் கோவிட் தடுக்கப்படவில்லை. மறுப்போர்க்கு இவை பெரும்படை.

படையின் வலிமையையும் அளந்து பார்த்தல் வேண்டும். அமெரிக்கச் சோதனையில் சேர்ந்தோரின் சராசரி அளவு தொடக்கத்திலேயே 30 நானோகிராமுக்குச் சற்று மேல். அவர்கள் ஏற்கெனவே நிறைந்த குடங்கள். புழுங்கல் சோறு உண்டவனுக்குத் தவிடு கொடுத்து, 'பெரிபெரிக்குத் தவிடு பயனற்றது' என்று முடிவு கட்டுவதைப்போல, இச்சோதனையைக் கொண்டு குறையுள்ளோர்க்கும் மாத்திரை வீண் என்பது பொருந்தாது.

குறையுள்ளோரிடம் நடத்திய சோதனை வேறு கதை சொல்கிறது. பிரான்ஸில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3,270 மூதாட்டியரிடம் நாள்தோறும் 800 அலகும் 1.2 கிராம் சுண்ணச் சத்தும் கொடுத்து நடத்திய ஆய்வு 1992இல் வெளிவந்தது. பதினெட்டு மாதத்தில் இடுப்பெலும்பு முறிவு 43 விழுக்காடு குறைந்தது. வெயில் காணாமல் உள்ளே இருந்தவர்கள் அவர்கள். உணவிலும் சுண்ணம் குறைவு. குறை நிரம்பியபோது எலும்பு நின்றது.

இதைக் கொண்டு குறையுள்ளோர்க்கு இது எல்லா நோய்க்கும் மருந்து என்று தாவுவதும் தவறு. மங்கோலியாவில் 8,851 பள்ளிச் சிறார்; ஏறத்தாழ அனைவரும் குறையுடையோர். மூன்றாண்டு வாரந்தோறும் 14,000 அலகு கொடுத்தும் காசநோய்த் தொற்று குறையவில்லை என்பது 2020இல் வெளியான முடிவு. எலும்புக்கு உறுதியான பயன், மற்றவற்றுக்கு உறுதியற்ற பயன் என்பதே இன்றைய நிலை.

மலாக்காத் தமிழர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது நீரிழிவு பற்றிய செய்தி. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வில், மலேசிய இந்தியருள் பெரியோர் பத்துப் பேரில் மூவருக்கு நீரிழிவு காணப்பட்டது. மற்ற பெரிய இனத்தாரினும் இது மிகுதி. நீரிழிவின் விளிம்பில் நின்ற 2,423 பேரிடம் நாள்தோறும் 4,000 அலகு கொடுத்து நடத்திய அமெரிக்கச் சோதனை 2019இல் வெளிவந்தது. மாத்திரை உண்டோருள் நோய் சற்றுக் குறைவாயினும், அவ்வேற்றுமை தற்செயல் என்று ஒதுக்க இயலாத அளவுக்குப் பெரிதாயில்லை. பின்னர்ப் பல சோதனைகளைக் கூட்டிப் பார்த்தபோது சிறு பயன் தெரிந்தது. 2024 வழிகாட்டியும் நீரிழிவின் விளிம்பில் நிற்போர்க்கு, உணவு முறையும் உடற்பயிற்சியும் உடன் இருக்க, இதைக் கொடுக்கலாம் என்கிறது. சீனி கலந்த தேத்தண்ணீரைக் குறைக்காமல் மாத்திரையை மட்டும் விழுங்குவோர்க்கு இதில் ஆறுதல் இல்லை.

தீங்கு தொடங்கும் இடம்

'சத்துதானே, கூடினால் என்ன?' என்பது மிகக் கேடு தரும் எண்ணம். நீரில் கரையும் சத்து மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரில் போகும். உயிர்ச்சத்து 'டி' கொழுப்பில் கரைவது. உடலில் தங்கிச் சேர்வது. அளவு கடந்தால் குருதியில் சுண்ணம் ஏறும். தாகம், ஓயாத சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, மயக்கம் என்று தொடங்கிச் சிறுநீரகக் கேட்டில் முடியும்.

இதற்கு வரலாறே சான்று. போருக்குப் பிந்திய பிரிட்டனில் குழந்தைகள் நோய் காணாதிருக்கப் பால்மாவிலும் கூழிலும் இச்சத்தைச் சேர்த்தனர். மேலும் மீனெண்ணெயும் கொடுத்தனர். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லெண்ணத்தால் வந்தது. மூன்றின் கூட்டுத் தொகையை யாரும் எண்ணவில்லை. 1950களின் தொடக்கத்தில் குருதியில் சுண்ணம் மிகுந்து வாடிய குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தனர். 1957இல் சேர்க்கும் அளவு குறைக்கப்பட்டது. அக்குழந்தைகளுள் சிலருக்கு இச்சத்தைக் கழிக்கும் மரபணு பிறவியிலேயே பழுதுபட்டிருக்கும் என்பதற்கு 2011இல் விளக்கம் கிடைத்தது. ஒருவருக்கு ஏற்கும் அளவு மற்றொருவரைக் கெடுக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஒரே தடவையில் பேரளவு கொடுப்பதும் கேடாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2,256 மூதாட்டியர்க்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் அலகு கொடுத்த சோதனை 2010இல் வெளிவந்தது. முறிவைத் தடுக்கக் கொடுத்த மருந்தே கீழே விழுவதை 15 விழுக்காடும், எலும்பு முறிவை 26 விழுக்காடும் கூட்டியது. நாள்தோறும் மிகையாக உண்பதும் நன்றன்று. கனடாவின் கல்கரியில் 400, 4,000, 10,000 அலகுகளை மூன்றாண்டு கொடுத்து ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில், மிகுதியாக உண்டோரின் முன்கை எலும்பு அடர்த்தி குறைவாக உண்டோரினும் அதிகமாகத் தேய்ந்தது. எலும்புக்கென்று உண்டது எலும்பையே கரைத்தது.

அளவை அறியாமல் உண்பதற்கு இடந்தருவது சீட்டில் உள்ள எண்களின் குழப்பம். ஒரு மைக்ரோகிராம் என்பது 40 அலகு. ஒரு புட்டியில் 25 என்று மைக்ரோகிராமிலும் மற்றொன்றில் 1,000 என்று அலகிலும் அச்சிட்டிருந்தால் இரண்டும் ஒன்றே. பெரிய எண்ணைக் கண்டு அஞ்சுவதும், சிறிய எண்ணைக் கண்டு நான்கு விழுங்குவதும் ஒருங்கே நிகழலாம். இந்தியாவில் வாரம் ஒன்றாக உண்ணத் தரும் 60,000 அலகு மாத்திரை எங்கும் கிடைக்கிறது. அதை நாள்தோறும் உண்பவர் சில வாரங்களிலேயே இடர்ப்படுவார். தமிழகத்திலிருந்து கொண்டு வரும் மாத்திரையில் முதலில் படிக்க வேண்டியது இவ்வெண்ணையே.

தகுந்த அளவு

சண்டையிட்ட இரு கட்சியும் இப்போது அடங்கியாயிற்று. எஞ்சுவது அளவு பற்றிய கேள்வி ஒன்றே. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் பழமொழியை எல்லோரும் சொல்வர். அளவு எது என்று அது சொல்வதில்லை. மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை 2017இல் அதைச் சொல்லியிருக்கிறது. குழவிப் பருவம் கடந்தோர்க்கும் பெரியோர்க்கும் நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 அலகு. அறுபத்தைந்து வயது கடந்தோர்க்கு 20 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 4,000 அலகுக்கு மேல் மருத்துவர் மேற்பார்வையின்றி உண்ணலாகாது என்பது 2010இல் அமெரிக்கக் குழு வகுத்த மேல்வரம்பு. பரிந்துரைக்கும் வரம்புக்கும் இடையே இடம் உண்டு. அது பத்தாயிரங்கள் விளையாடும் இடமன்று.

யாருக்கு மாத்திரை தக்கது? தாய்ப்பால் மட்டும் உண்ணும் கைக்குழந்தை, கருவுற்ற பெண், வீட்டை விட்டு வெளிவராத முதியவர், நோயால் உணவுச் சத்தை ஈர்க்க இயலாதவர், வலிப்பு மருந்து நெடுநாள் உண்பவர், உடல் முழுதும் மூடி வெயில் காணாது வாழ்பவர் என்போர்க்குச் சிறிய அன்றாட அளவு தருவது அறிவுடைமை. இவர்களுக்குள்ளும் மருத்துவர் சொல்லே முதன்மை. யார் தாமே வாங்கி உண்ணலாகாது? சிறுநீரகக் கல் கண்டவர், சிறுநீரகம் தளர்ந்தவர், காசநோய்க்கு மருந்துண்பவர், இரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை மாத்திரை உண்பவர் ஆகியோர். தயசைடு குருதியில் சுண்ணத்தைத் தேக்கும் இயல்புடையது. அதனுடன் சுண்ண மாத்திரையும் 'டி'யும் சேர்ந்தால் மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும். அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் சுண்ணமும் 'டி'யும் சேர்த்துக் கொடுத்த சோதனையில், சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடியது 2006இல் வெளியாயிற்று.

நடமாட்டமும் நலமும் உள்ள மற்றவர்க்கு மாத்திரைக்கு முன்னே செய்யத்தக்கன உண்டு. கைகாலில் நண்பகலை ஒட்டிய வெயில் சிறிது நேரம் படும்படி வாரத்தில் சில நாள் நடப்பது ஒன்று. மலாக்காக் கடற்கரையில் கிடைக்கும் கெம்போங் மீனும், மத்தி மீனும், முட்டையும் உணவில் சேர்ப்பது மற்றொன்று. மரக்கறி உண்போர்க்கு மீன் இல்லை. அவர்களுக்கு வெயிலும், சத்துச் சேர்த்த பாலும், வேண்டுமாயின் சிறு மாத்திரையுமே வழி. வாங்கும் புட்டியில் மலேசியப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். குழந்தைக்குப் பால்மாவிலும், சொட்டு மருந்திலும், மீனெண்ணெயிலும் ஒரே சத்தைத் தருகிறோமா என்று கூட்டிப் பார்த்தல் அதனினும் வேண்டும். பிரிட்டனில் கூட்டிப் பாராததாலேயே குழந்தைகள் வாடின.

பெரிபெரியைத் தீர்த்த அறிஞர் அரிசியைப் போற்றவுமில்லை, தூற்றவுமில்லை. யாருக்கு எது குறைகிறது என்று கேட்டு, இரு பிரிவாக்கிச் சோதித்து, விடை கண்டனர். உயிர்ச்சத்து 'டி'யைப் பற்றியும் கேட்கத்தக்க கேள்வி அதுவே. 'மாத்திரை நல்லதா, கெட்டதா?' என்று மருந்துக் கடையில் கேட்பவர்க்கு விடை கிடையாது. 'என் தாய்க்கு வயது எண்பது, வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, அழுத்த மருந்து உண்கிறார், அவருக்கு எவ்வளவு?' என்று சுகாதார நிலையத்து மருத்துவரிடம் கேட்பவர்க்கு விடை உண்டு.